ஸ்பூல் டேப் ரெக்கோடர் மக்கர் செய்தால்: மலைநாட்டு வீட்டில் பிழை நீக்கும் வழிமுறை

மலைநாட்டில் அகப்படும் ஸ்பூல் டேப் ரெக்கோடர்கள் பெரும்பாலும் ஈரத்தாலும் குளிராலும் நின்றுபோனவை. பங்களா சாமான் அறையிலோ வீட்டுப் பரணிலோ முப்பது நாற்பது வருடம் கிடந்த பெட்டிக்குள் கிரீஸ் இறுகியிருக்கும், ரப்பர் ஒன்று காய்ந்து வெடித்திருக்கும் அல்லது உருகி வழிந்திருக்கும், சுவிட்ச் முனைகளில் பச்சை பூத்திருக்கும். விறகடுப்புப் புகை போன வீடென்றால் இதற்கெல்லாம் மேலே பிசுக்கான கருப்புப் படலம் ஒன்றும் சேர்ந்திருக்கும். ஆகவே முதலில் சுத்தம், அடுத்தது எண்ணெய், மூன்றாவது ரப்பர். கண்டென்சர், ட்ரான்சிஸ்டர் என்று கழற்றத் தொடங்குவது அதற்கெல்லாம் பிறகுதான். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால், இருந்த கோளாறோடு கை வைத்ததால் வந்த கோளாறும் சேர்ந்துகொள்ளும். பிறகு எது எது என்று பிரிக்கவே முடியாது.

இன்னொன்று: எந்தக் குறியைக் கண்டாலும் அது பெட்டியின் கோளாறா டேப்பின் கோளாறா என்று முதலில் தெரிய வேண்டும். அதற்குப் போனாலும் பரவாயில்லை என்ற ஒரு டேப் வேண்டும். தாத்தா பாடிய தாலாட்டு, தோட்டத்துக் காமன் கூத்து, யாரோ ஒருவரின் கல்யாணம் இருக்கும் டேப்பைப் பெட்டி முழுவதும் தேறும்வரை அலுமாரியை விட்டு எடுக்காதீர்கள். கீழே வரும் சோதனைகள் எல்லாம் அந்த வீண் டேப்பில்தான்.

கரண்ட் கொடுக்குமுன்

பரணிலிருந்து இறக்கிய பெட்டியை அன்றே பிளக்கில் செருக வேண்டாம். ஹட்டன், வட்டவளை, மஸ்கெலியாப் பக்கம் மே முதல் செப்டம்பர் வரை மழையும் பனிமூட்டமும். பதுளை, பண்டாரவளைப் பக்கம் அதே காலம் காய்ந்து கிடக்கும். அங்கே மழை ஒக்டோபரில் தொடங்கி ஜனவரி வரை போகும். உங்கள் பக்கத்து வெயில் மாதத்தில் வேலையைத் தொடங்கினால் பாதிச் சிரமம் மிச்சம். பொறுக்க முடியாதவர்கள் மூடியைக் கழற்றி, அலுமாரிக்குள் பெட்டியை வைத்து, ஓர் அடியாவது தள்ளி 40 வாட் குண்டு பல்ப் ஒன்றை எரியவிட்டு இரண்டு நாள் உலர்த்தலாம். எல்.இ.டி. பல்ப் உதவாது, சூடு வேண்டும். துணியும் கடதாசியும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

உலர்ந்ததும் வெளிச்சத்தில் உள்ளே பாருங்கள். எலி கடித்த வயர், கரப்பான் முட்டை, மேலே வீங்கிய கண்டென்சர், கருகிய ரெசிஸ்டர். பின்பக்கத்தில் வோல்டேஜ் தெரிவுக் கட்டை எந்த எண்ணில் நிற்கிறது என்பதைக் கட்டாயம் பாருங்கள். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ட், 50 ஹேர்ட்ஸ். கட்டையில் 240 இருந்தால் 240இல் வையுங்கள்; 220 மட்டும் இருந்தால் 220. கட்டை 110இல் நிற்கும் பெட்டியைச் செருகினால் அத்தோடு கதை முடிந்தது.

முதல் கரண்ட் தொடர் பல்ப் வழியாகப் போகட்டும்: லைவ் வயரின் நடுவே ஹோல்டர் ஒன்று, அதில் 60 வாட் குண்டு பல்ப், ட்ரான்சிஸ்டருக்குப் பதில் கண்ணாடி வால்வுகள் உள்ள வால்வுப் பெட்டிக்கு 100 வாட். பல்ப் ஒருமுறை பளிச்சிட்டு மங்கினால் நல்ல குறி. முழு வெளிச்சத்தில் நின்றால் உள்ளே ஷோர்ட், உடனே நிறுத்துங்கள். பல்ப் வழியாக ஓடும்போது மோட்டர் சோர்ந்துதான் சுற்றும், அதற்காக மோட்டரைக் குறை சொல்ல வேண்டாம்.

வால்வுப் பெட்டிக்குள் கை வைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. பிளக்கைக் கழற்றிய பிறகும் பெரிய கண்டென்சரில் 250 வோல்டுக்கு மேல் நிற்கலாம். 1 கிலோ ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றின் இரு காலிலும் உறையிட்ட வயர் பற்றவைத்து, அதைக் கண்டென்சரின் இரு முனைக்கும் குறுக்கே பத்து செக்கன் பிடியுங்கள். பிறகு மீட்டரால் அளந்து 5 வோல்டுக்குக் கீழே வந்துவிட்டதை உறுதிசெய்துகொண்டே தொடுங்கள். ஸ்குரூ டிரைவரால் ஷோர்ட் பண்ணிப் பொறி பறக்கவிடுவது பாகத்துக்கும் கேடு, கண்ணுக்கும் கேடு.

உயிரே இல்லை: விளக்கும் இல்லை, மோட்டரும் இல்லை

ஃபியூஸைக் கண்ணால் பார்த்து நம்பாமல் மீட்டரால் பாருங்கள். கண்ணாடி கருகியிருந்தால் ஷோர்ட்டில் போனது. கம்பி மட்டும் மெல்லியதாக அறுந்திருந்தால் வயதில் போனதாக இருக்கலாம். எந்த எண் எழுதியிருக்கிறதோ அதே எண்ணில், மெதுவாக அறுபடும் வகையை மாற்றுங்கள். சிகரெட் பெட்டி ஈயத்தாள் சுற்றிய ஃபியூஸைக் கண்டால், அந்தப் பெட்டியில் முன்னர் கைவைத்தவரின் மற்ற வேலைகளையும் சந்தேகப்படுங்கள்.

ஃபியூஸ் நன்றாக இருந்தும் ஓடவில்லையென்றால் டேப் தீர்ந்ததும் தானாக நிறுத்தும் சிறு சுவிட்சைப் பாருங்கள். பல பெட்டிகளில் டேப் பொருத்தி, அதன் இழுவையில் சிறு கை ஒன்று உயர்ந்தால்தான் மோட்டருக்குக் கரண்ட் போகும். வெறும் பெட்டியை ஓட்டிப் பார்த்து ‘செத்துவிட்டது’ என்று தீர்ப்பளிப்பது வழக்கமான தவறு. சோதனைக்கு அந்தக் கையை ரப்பர் பட்டியால் தூக்கிக் கட்டுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறது, அல்லது நாற்றம் வருகிறது

ஐரோப்பியப் பெட்டிகளில் பவர் சுவிட்சுக்கு அருகே, தேன் நிறத்தில், உள்ளே சுருள் தெரியும் கட்டி ஒன்று இருந்தால் அது மின் இரைச்சலை அடக்கும் பேப்பர் கண்டென்சர். அதன் மேலுறையில் மயிரிழை வெடிப்புகள் விழுந்து, வருடக்கணக்கில் ஈரம் உள்ளே போயிருக்கும். கரண்ட் கொடுத்ததும் ஓடும். அரை மணியில் வெடித்து அறை முழுக்கப் புகை. வெடிப்புத் தெரிகிறதோ இல்லையோ, அதைக் கழற்றிவிட்டு அதே மைக்ரோஃபராட் அளவில் எக்ஸ் 2 தரம், 275 வோல்ட் ஏ.சி. என்று அச்சடித்ததைப் போடுங்கள். சாதாரணக் கண்டென்சரை அந்த இடத்தில் போடக் கூடாது.

அழுகிய முள்ளங்கி நாற்றமென்றால் செலினியம் ரெக்டிஃபையர். பழைய வால்வுப் பெட்டிகளில் ஏ.சி.யை டி.சி. ஆக்கத் தகடு தகடாக அடுக்கிய பாகம். அந்தப் புகை நச்சு, ஜன்னலைத் திறந்துவிட்டு வெளியே போய்விடுங்கள். அதற்குப் பதிலாக இன்றைய சிலிக்கன் பிரிட்ஜ் போடலாம். ஆனால் சிலிக்கனில் இழப்புக் குறைவு, வோல்டேஜ் ஏறிவிடும். ஆகவே தொடரில் 100 ஓம், 10 வாட் ரெசிஸ்டரில் தொடங்கி, வரைபடத்தில் உள்ள வோல்டேஜ் வரும்வரை கூட்டிக்கொண்டு போங்கள்.

மோட்டர் உறுமுகிறது, சுற்றவில்லை

பிளக்கைக் கழற்றிவிட்டு மோட்டர் தண்டை விரலால் சுழற்றுங்கள். இறுக்கமாக இருந்தால் பேரிங்கில் எண்ணெய் காய்ந்து கோந்தாகியிருக்கிறது. தண்டை உருவி, பேரிங்கையும் தண்டையும் லைட்டர் பெற்றோலால் கழுவி, மெல்லிய டர்பைன் எண்ணெய் அல்லது தையல் மெஷின் எண்ணெய் இரண்டே சொட்டு விடுங்கள். வெண்கலத் தூளில் அழுத்திச் செய்த பேரிங் எண்ணெயை உறிஞ்சிக்கொள்ளும். ஒரு மணி கழித்து இன்னொரு சொட்டு. அதற்கு மேல் விட்டால் வழிந்து ரப்பரில் ஏறி, இல்லாத கோளாறைக் கொண்டுவரும்.

தேங்காய் எண்ணெய் வேண்டவே வேண்டாம். மார்கழி, தை மாதத்தில் நுவரெலியாவில் போத்தலுக்குள் உறைவது பேரிங்குக்குள்ளும் உறையும். துரு நீக்கும் ஸ்பிரேயும் அப்படியே: இறுகியதை இளக்க உதவும், காய்ந்தபின் எண்ணெயின் வேலையைச் செய்யாது. இளக்கியதும் கழுவிவிட்டுச் சரியான எண்ணெய் போட வேண்டும்.

தண்டு இலகுவாகச் சுழல்கிறது, ஆனாலும் உறுமல் மட்டும் என்றால் மோட்டரின் கண்டென்சர். விரலால் ஒரு தள்ளு கொடுத்ததும் ஓடத் தொடங்கினால் சந்தேகமே இல்லை. பெட்டியைப் பொறுத்து 1 முதல் 4 மைக்ரோஃபராட் வரை இருக்கும். ஹார்ட்வெயார் கடையில் சீலிங் ஃபேனுக்கு விற்கும் 2.5 மைக்ரோஃபராட், 440 வோல்ட் ஏ.சி. கண்டென்சர் தரத்தில் இதற்குப் பொருந்தும். அளவு ஒத்துப்போனால் அதையே போடலாம். ஒத்துப்போகாவிட்டால் ‘கிட்டத்தட்ட’ என்று போடாதீர்கள், மோட்டர் சூடேறும். பிளஸ், மைனஸ் குறியிட்ட கண்டென்சரை இங்கே போட்டால் அது வெடிக்கும்.

மோட்டர் சுற்றுகிறது, டேப் நகரவில்லை

பெல்ட் அறுந்திருக்கும், அல்லது உருகி, வேகத்தைச் சீராக வைக்கும் கனத்த சக்கரமான ஃப்ளைவீலில் அப்பியிருக்கும். அந்தக் கருப்புச் சேற்றைக் கையால் தொட்டால் நகக்கண்ணிலிருந்து போக ஒரு வாரமாகும், கையுறை போடுங்கள். ஐசோப்ரோபைல் அல்ககோலில் நனைத்த துணியால் பெரும்பகுதியையும், மிச்சத்தை லைட்டர் பெற்றோலாலும் துடையுங்கள். புல்லிப் பள்ளத்தில் துளி மிஞ்சினாலும் அது பின்னர் குரலில் ஆட்டமாகத் தெரியும்.

புதிய பெல்டின் அளவுக்கு, நூல் ஒன்றைப் பெல்ட் போகும் வழியிலேயே இறுக்கமாகச் சுற்றி அளந்து, அதில் நூற்றுக்கு 5 குறையுங்கள். 60 சென்டிமீட்டர் வந்தால் 57 சென்டிமீட்டர் சுற்றளவு. தட்டைப் பெல்ட் இருந்த இடத்தில் தட்டை, சதுரம் இருந்த இடத்தில் சதுரம். இறுகக் கட்டினால் நல்லது என்று குறைத்து வாங்கினால் மோட்டர் பேரிங் தேயும். கொழும்பு புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவுக்குப் போகும்போது அளவை மில்லிமீட்டரில் எழுதிக்கொண்டு போங்கள். பெட்டியின் மொடல் எண்ணைச் சொல்லிக் கேட்பதில் இன்று பயனில்லை.

பெல்ட் இல்லாத பெட்டிகளில் மோட்டர் தண்டுக்கும் ஃப்ளைவீலுக்கும் நடுவே ஐட்லர் என்னும் ரப்பர் சில்லு இருக்கும். அதன் விளிம்பு கண்ணாடிபோல் பளபளத்தால் வழுக்குகிறது. 400 நம்பர் சேண்ட் பேப்பரைச் சுழலும் சில்லின் மேல் சில செக்கன் மெதுவாகப் பிடித்துப் பளபளப்பை மட்டும் எடுங்கள். தேய்ந்தால் வேகம் மாறுமோ என்று பயம் வேண்டாம்: வேகத்தைத் தீர்மானிப்பது மோட்டர் தண்டின் விட்டமும் ஃப்ளைவீலின் விட்டமும்தான், நடுவிலிருக்கும் சில்லு சும்மா கடத்துகிறது. ஆனால் அது வட்டமாக இருந்தாக வேண்டும். ப்ளே கட்டையை அழுத்தியபடியே வருடக்கணக்கில் வைத்திருந்த பெட்டியில் சில்லில் ஒரு பள்ளம் விழுந்து, ஓடும்போது சீராக ‘டக் டக்’ என்று கேட்கும். அந்தப் பள்ளம் தேய்த்தால் போகாது. புதிய ரப்பர் ஏற்ற வேண்டும்.

லிவர்கள் பாதி வழியில் நிற்பது, கட்டையை அழுத்தியும் பிஞ்ச் ரோலர் என்னும் ரப்பர் உருளை, டேப்பை இழுக்கும் உலோகத் தண்டான கெப்ஸ்டனைத் தொடாமல் இருப்பது, இவையெல்லாம் இறுகிய கிரீஸ். பகல் வெயிலில் வேலை செய்து, காலைக் குளிரில் நிற்கும் பெட்டி என்றால் இதைத் தவிர வேறு எதையும் தேட வேண்டாம். ஒவ்வோர் இணைப்பையும் கழற்றி, பழைய கிரீஸை முழுதும் துடைத்தெடுத்து, வெள்ளை லித்தியம் கிரீஸை மெல்லியதாகத் தடவுங்கள். பழையதின் மேல் புதியதைப் பூசுவது பயனற்ற வேலை. கழற்றுமுன் ஒவ்வொரு ஸ்பிரிங்கும் எந்தத் துளையில் மாட்டியிருக்கிறது என்று போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

வேகம் சரியில்லை

காதால் தீர்மானிக்காமல் அளக்கலாம். வீண் டேப்பில் 9 மீட்டர் 53 சென்டிமீட்டர் நீளத்தை அளந்து, தொடக்கத்திலும் முடிவிலும் பளபளப்பான பின்பக்கத்தில் வெள்ளைக் குறி போடுங்கள். செக்கனுக்கு 9.53 சென்டிமீட்டர் வேகத்தில் இந்த நீளம், டேப்பிலுள்ள ஒலியைப் படிக்கும் ஹெட்டைக் கடக்கச் சரியாக 100 செக்கன், 19.05இல் 50 செக்கன், 4.76இல் 200 செக்கன். 98இலிருந்து 102க்குள் வந்தால் விட்டுவிடுங்கள்.

120 செக்கன் வந்தால் அது பழுதே இல்லை. 60 ஹேர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த பெட்டி நமது 50 ஹேர்ட்ஸில் ஓடுகிறது. சவூதியிலிருந்தோ அமெரிக்காவிலிருந்தோ வந்த பெட்டிகளில் காணலாம். குரல் ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிக் கனக்கும், மோட்டரும் வழக்கத்துக்கு மேல் சூடேறும். ட்ரான்ஸ்ஃபோமர் வைத்து வோல்டேஜை மாற்றினால் இது தீராது, ஹேர்ட்ஸ் மாறாதே. சில பெட்டிகளில் மோட்டர் புல்லி இரண்டு படியாக இருக்கும், பெல்டைப் பெரிய படிக்கு மாற்றி, மோட்டர் கண்டென்சரையும் கையேட்டில் உள்ள 50 ஹேர்ட்ஸ் அளவுக்கு மாற்ற வேண்டும். படி இல்லாவிட்டால் கடைசல் பட்டறையில் 1.2 மடங்கு விட்டத்தில் புல்லி ஒன்று கடைந்தெடுக்கலாம்.

சரியாகப் பாதி வேகமோ இரட்டிப்போ வந்தால் வேகச் சுவிட்சையும் கெப்ஸ்டன் உறையையும் பாருங்கள். சில பெட்டிகளில் கெப்ஸ்டன் மேல் ஓர் உலோக உறையைத் திருகினால்தான் கூடிய வேகம் வரும். உறை தொலைந்த பெட்டிகள் ஏராளம்.

மாலை ஆறு மணிக்கு மேல் மட்டும் இழுத்துப் பேசினால் கரண்டை அளந்து பாருங்கள். லைனின் கடைசியில் இருக்கும் லயங்களில் அந்த நேரம் வோல்டேஜ் இறங்கும். 230க்குப் பதில் 200க்குக் கீழே வரும் இடத்தில் சாதாரண இன்டக்ஷன் மோட்டர் வலுவிழந்து பின்தங்கும். சோதனையைப் பகலில் வைத்துக்கொள்ளுங்கள்.

சராசரி வேகம் சரி, ஆனால் குரல் ஆடுகிறது

நீண்டு நிற்கும் ஒலியில்தான் ஆட்டம் பிடிபடும்: நாதஸ்வரம், ஹார்மோனியம், சுருதிப் பெட்டி. பேச்சில் தெரியாது. ஆட்டம் எத்தனை செக்கனுக்கு ஒருமுறை வருகிறது என்று எண்ணினால் குற்றவாளி எதுவென்று கணக்கே சொல்லிவிடும். 9.53 வேகத்தில், 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஞ்ச் ரோலர் செக்கனுக்கு 1.2 தடவை சுற்றும். 6 மில்லிமீட்டர் கெப்ஸ்டன் செக்கனுக்கு ஐந்து தடவை. நிறைந்த 7 அங்குல ஸ்பூல் ஐந்தரை செக்கனுக்கு மேல் எடுத்து ஒரு சுற்று சுற்றும். ஆகவே மெதுவான பெரிய அலை ஸ்பூல் பக்கத்துத் தடை. செக்கனுக்கு ஒன்றைவிடச் சற்று வேகமான ஆட்டம் பிஞ்ச் ரோலர். நடுக்கம் என்றால் கெப்ஸ்டனோ ஃப்ளைவீல் பேரிங்கோ. உங்கள் பெட்டியின் விட்டங்களை அளந்து இதே கணக்கைப் போடுங்கள்: வேகத்தைச் சுற்றளவால் வகுத்தால் போதும்.

பிஞ்ச் ரோலரைச் சூடில்லாத சவர்க்காரத் தண்ணீரால் கழுவுங்கள். அல்ககோல் ரப்பரை உலர்த்தி வெடிக்கவைக்கும், அதைக் கெப்ஸ்டனுக்கும் ஹெட்டுக்கும் வைத்துக்கொள்ளுங்கள். நகம் பதியாத அளவு இறுகியிருந்தால் மாற்ற வேண்டியதுதான். கெப்ஸ்டனில் ஒட்டிய பழுப்புப் பொருக்கைக் கத்தியால் சுரண்டாதீர்கள். அந்தத் தண்டில் விழும் கீறல் ஒவ்வொரு சுற்றிலும் கேட்கும்.

டேப் கொட்டுகிறது அல்லது இழுபடுகிறது

ப்ளேயில் கொட்டினால் வாங்கும் ஸ்பூலின் கிளட்ச் வழுக்குகிறது. கிளட்சிலுள்ள ஃபெல்டில், அதாவது கம்பளித் துண்டில், எண்ணெய் ஏறியிருக்கும். ரீவைண்டிலிருந்து நிறுத்தும்போது கொட்டினால் பிரேக். டேப் எந்தப் பக்கத்திலிருந்து ஓடி வருகிறதோ அந்தப் பக்கப் பிரேக் ஒரு கணம் முந்திப் பிடிக்க வேண்டும். பிந்தினால் டேப் வளையமாகத் தொங்கும். வெறியாகப் பிடித்தால் பொலியெஸ்டர் டேப் நீண்டு அந்த இடம் கெட்டுவிடும், அசிட்டேட் டேப் அறுந்துபோகும். இரண்டில் அறுவதே மேல், வெட்டி ஒட்டலாம். ஒட்டுவதற்கு அதற்கென்ற ஸ்ப்ளைசிங் டேப் மட்டும். செலோடேப்பின் பசை கசிந்து அடுத்த சுற்றையும் சேர்த்து ஒட்டும்.

டேப் கிறீச்சிடுகிறது, ஒட்டிக்கொண்டு நிற்கிறது

இங்கேதான் பெட்டியைக் குற்றம் சொல்லிப் பலர் ஏமாறுகிறார்கள். வீண் டேப் அமைதியாக ஓடி, குறித்த ஒரு டேப் மட்டும் கிறீச்சிட்டால் குற்றம் டேப்பில். உடனே நிறுத்தி ஹெட்டைப் பாருங்கள். பழுப்புப் பசை அப்பியிருந்தால் மேற்கொண்டு ஓட்ட ஓட்ட ஒலியைத்தான் உரித்தெடுக்கிறீர்கள்.

முதலில் டேப் எந்த வகை? ஸ்பூலை வெளிச்சத்துக்கு எதிரே பக்கவாட்டில் பிடியுங்கள். சுற்றுக்குள்ளே வெளிச்சம் ஊடுருவினால் அசிட்டேட். இருண்டு தெரிந்தால் பெரும்பாலும் பொலியெஸ்டர். வினாகிரி நாற்றம் வந்தால் அது கெடத் தொடங்கிய அசிட்டேட். மற்ற டேப்களிலிருந்து தனியே எடுத்து வைத்து, முதலில் அதையே பிரதி எடுங்கள். அந்தக் கேடு நிற்காது.

எழுபதுகளின் நடுவிலிருந்து வந்த, பின்பக்கம் கருப்புப் பூச்சுள்ள சில பொலியெஸ்டர் டேப்களில் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சி இளகிவிடும். நமது மலைக்காற்றில் இது இன்னும் சீக்கிரம். இவற்றுக்கு மட்டும் சூட்டு வைத்தியம் உண்டு: 50 முதல் 54 பாகை செல்சியஸில் எட்டு மணித்தியாலம், நடுவே ஒருமுறை திருப்பிவைத்து, பின் அதேயளவு நேரம் ஆறவிடுவது. அதன்பின் சில வாரத்துக்கு நன்றாக ஓடும், அதற்குள் பிரதி எடுத்துவிட வேண்டும். பழம் உலர்த்தும் மின் உலர்த்தி இதற்குச் சரி. வீட்டு அவனின் சூடு ஏறி இறங்கும். தேயிலைத் தொழிற்சாலை டிரையர் இருக்கிறதே என்று யோசிக்க வேண்டாம், அங்கே காற்று 90 பாகையைத் தாண்டும். எந்த உலர்த்தியானாலும் தனித் தெர்மோமீட்டர் ஒன்றை உள்ளே வைத்து, டேப் இல்லாமல் ஒரு மணி ஓட்டிப் பாருங்கள். அசிட்டேட் டேப்பை ஒருபோதும் சூடாக்கக் கூடாது.

பூஞ்சணம் வெள்ளையாகப் பூத்திருந்தால் முகமூடி போட்டு, வெளியே காற்றோட்டத்தில், வெயில் நேரடியாகப் படாமல், மென்மையான பிரஷால் ஸ்பூலின் பக்கங்களைத் துடையுங்கள். உலர்த்தாமல் ஓட்டினால் பூஞ்சணம் பெட்டிக்குள் குடியேறி அடுத்த டேப்புக்கும் போகும்.

ஓடுகிறது, சத்தம் மங்கல்

பத்துக்கு எட்டு, ஹெட் அழுக்கு. காது பட்ஸில் 99 வீத ஐசோப்ரோபைல் அல்ககோல் நனைத்து, பட்ஸ் வெள்ளையாக வரும்வரை துடையுங்கள். பாமசி சேர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் தண்ணீரும் சிலவற்றில் எண்ணெயும் கலந்திருக்கும், ஹெட்டுக்கு ஆகாது.

துடைத்தும் மங்கல் என்றால் டேப்பின் பக்கத்தைப் பாருங்கள். காந்தப் பூச்சுள்ள பக்கம் ஹெட்டைத் தொட வேண்டும். பழைய டேப்களில் மங்கிய பழுப்புப் பக்கம் அது, பளபளப்பது பின்பக்கம். முறுக்கி மாட்டியிருந்தால் குரல் போர்வைக்குள்ளிருந்து வருவதாகக் கேட்கும். அடுத்தது ப்ரெஷர் பேட்: பல ஐரோப்பியப் பெட்டிகளில் டேப்பை ஹெட்டோடு அழுத்தும் சிறு ஃபெல்ட் துண்டு. பசை காய்ந்து அது கழன்று, பெட்டியின் அடியில் கிடக்கும். 2 மில்லிமீட்டர் கம்பளி ஃபெல்டை அதே அளவுக்கு வெட்டி, செருப்பு ஒட்டும் பசையால் ஒட்டுங்கள். சூப்பர் க்ளூ ஃபெல்டுக்குள் ஊறி இறுகி, டேப்பைச் சுரண்டும்.

மூன்றாவது அசிமத், அதாவது ஹெட்டின் சாய்வு. ஹெட்டின் பக்கத்தில் ஸ்பிரிங் போட்ட ஸ்குரூ. தொடுமுன் அது நிற்கும் இடத்தைப் பெயின்ட் புள்ளியால் குறியுங்கள். ஸ்டீரியோ பெட்டியென்றால் இரு பக்கத்தையும் மோனோவாகச் சேர்த்துக் கேட்டபடி, ஒரே தடவையில் கால் சுற்றுக்கு மேல் போகாமல் திருப்பி, ஜாலரா, ‘ச’, ‘ஸ’ ஒலிகள் மிகக் கூர்மையாக எழும் இடத்தில் நிறுத்துங்கள். பல பெட்டிகளில் பதிந்த டேப்கள் உங்களிடம் இருந்தால் ஒவ்வொரு டேப்புக்கும் இதைத் திருத்த வேண்டும். பிரதி எடுக்கும் நோக்கத்துக்கு அதுவே சரி. முடிந்ததும் பெயின்ட் புள்ளிக்குத் திரும்புங்கள்.

இவை எதுவும் பலிக்காமல், ஹெட்டின் முகத்தில் டேப் ஓடிய பள்ளத்தின் விளிம்பு நகத்தில் தட்டுப்பட்டால் ஹெட் தேய்ந்துவிட்டது.

முன்பக்கப் பாட்டோடு பின்னோக்கிப் பேசும் குரலும் கேட்கிறது

பேய் இல்லை, ட்ராக் கணக்கு. பழைய மோனோ பெட்டிகள் டேப்பின் மேல் பாதியில் ஒரு திசையும், ஸ்பூலைத் திருப்பிப்போட்டு மறுபாதியில் மறுதிசையுமாகப் பதிந்தவை. அந்த டேப்பை நான்கு ட்ராக் ஸ்டீரியோ பெட்டியில் ஓட்டினால் இடப்பக்க ஹெட் முதல் பாதியையும் வலப்பக்க ஹெட் மறுபாதியையும் ஒருங்கே படிக்கும். வலப்பக்கத்தை முழுதும் குறைத்து இடப்பக்கத்தை மட்டும் எடுங்கள். குரல் இன்னும் இரட்டையாகத் தெரிந்தால் ஹெட்டின் உயரத்தைப் பார்க்கலாம், ஆனால் அந்த ஸ்குரூவை அனுபவமில்லாமல் தொடாதிருப்பது நல்லது.

ஒரு பக்கம் இல்லை, கரகரக்கிறது, திடீரென்று ஊளையிடுகிறது

ரெக்கோட், ப்ளே இரண்டுக்கும் இடையே மாற்றும் நீளமான ஸ்லைடு சுவிட்ச். பத்து இருபது முனைகள் வரிசையாக இருக்கும். ஒன்றில் பச்சை பூத்தாலும் ஒரு பக்கம் செத்துவிடும். கொன்டாக்ட் க்ளீனர் ஸ்பிரேயின் குழலை சுவிட்சின் இடுக்கில் வைத்துச் சிறிதாக அடித்து, கரண்ட் இல்லாமல் நாற்பது தடவை முன்னும் பின்னும் நகர்த்துங்கள். ஒலிக் குமிழ்களுக்கும் அதே. இதைச் செய்யாமல் சேனல் போர்டைக் கழற்றுபவர்கள் வீணாக ஈயத்தைக் கரைக்கிறார்கள்.

சுத்தம் செய்தும் ஒரு பக்கம் ‘சர்ர்’ என்று இரைச்சலோ பொட்டென்ற வெடிப்போ தொடர்ந்தால் முதல் நிலை ட்ரான்சிஸ்டர். எழுபதுகளின் ஜப்பான் பெட்டிகளில் கால்கள் கறுத்த 2எஸ்சி 458 இதில் பேர்போனது, கே.எஸ்.சி. 1845 போடலாம். கால் வரிசையை இரண்டின் தரவுத்தாளிலும் பார்த்த பிறகே பற்றவையுங்கள்.

ஐந்து கால் வட்ட டின் (DIN) சொக்கெட் உள்ள பெட்டியில் சத்தமே வரவில்லையென்றால் வயர் தவறாக இருக்கலாம். ஒலி வெளியே வருவது 3, 5ஆம் கால்களில், 2 எர்த், 1, 4 உள்ளே போகும் பதிவு. கடையில் கிடைக்கும் சில வயர்களில் 1, 4 மட்டுமே இணைத்திருக்கலாம்.

உறுமல்

ஒலிக் குமிழை முழுதும் குறைத்தும் உறுமினால் பவர் சப்ளைக் கண்டென்சர்கள் காய்ந்துவிட்டன. அதே மைக்ரோஃபராட், அதே அல்லது கூடிய வோல்டில், 105 பாகை வகையாக மாற்றுங்கள், பிளஸ் மைனஸ் பார்த்து. குமிழைக் கூட்டும்போது மட்டும் உறுமினால் ஹெட் வயரின் உறை எங்கோ விட்டிருக்கிறது. கணினியோடு இணைத்ததும் உறுமினால் லெப்டொப்பின் சார்ஜரைக் கழற்றிப் பாருங்கள்.

பதிவாகவில்லை, பழையது அழியவில்லை

அழிக்கும் ஹெட்டையும் துடைத்து, மேலே சொன்ன ஸ்லைடு சுவிட்சை மறுபடி பாருங்கள். பதிவுக்கும் அழிப்புக்கும் உயர் அதிர்வெண் அலை தரும் பயாஸ் ஒசிலேட்டரைத் திறக்க வேண்டியவர்களுக்கு ஒசிலோஸ்கோப் தேவை. பழைய குரல்களைக் கேட்பதற்காக மட்டும் பெட்டியைச் சீராக்குபவர்கள் இதை அப்படியே விட்டுவிடலாம். பதிவுக் கட்டை அழுந்தாதபடி அடியில் ஒரு துண்டு ரப்பரைத் திணித்துவிட்டால் இன்னும் நிம்மதி.

நல்ல டேப்பைப் போடும் நாளில்

ஹெட்டையும் டேப் தொடும் உலோகக் கம்பங்களையும் டீமேக்னடைசரால் காந்தம் நீக்குங்கள்: பெட்டி ஓஃபில் இருக்க, டேப்கள் அடுத்த அறையில் இருக்க, கருவியை ஒரு மீட்டர் தள்ளி ஓன் செய்து, மெதுவாகக் கொண்டுவந்து, மெதுவாகவே விலக்கி, தள்ளிப்போன பிறகு ஓஃப் செய்யுங்கள். அருகில் வைத்து ஓஃப் செய்தால் நீக்கியதைவிடக் கூடுதலாகக் காந்தம் ஏறும்.

டேப்பை முதல் நாளே அந்த அறைக்குக் கொண்டுவந்து வையுங்கள். குளிரிலிருந்து வந்ததும் திறந்தால் மேலே நீர் பூக்கும். ரீவைண்ட் வேகத்தில் ஓட்டாமல் ப்ளேயில் தொடங்குங்கள். முதல் ஓட்டத்திலேயே கணினியில் பதிவு ஓடிக்கொண்டிருக்க வேண்டும், 24 பிட், குறைந்தது 48 கிலோஹேர்ட்ஸ், வேவ் கோப்பாக. நலிந்த டேப் இரண்டாவது ஓட்டத்துக்கு மிஞ்சும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. 1200 அடி டேப் 9.53 வேகத்தில் ஒரு பக்கம் 64 நிமிடம் ஓடும். மின்வெட்டு அறிவித்த நேரத்தில் தொடங்காதீர்கள். ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஹெட்டைத் துடைத்து, பட்ஸில் பழுப்பு எவ்வளவு வருகிறது என்று பார்த்த பிறகே மறுபக்கம்.